வலது பக்கத்தில் எழுதியவர்

“ஒலகத்த ஆளுறதப் பத்திப் படிக்கிறாங்களாம்ல? மொதல்ல நம்ம லயத்துப் பீலிய யாரு ஆளுறதுன்னு கேட்டுச் சொல்லச் சொல்லு. அதுக்குத் தொணைக்கு இவ வேற கெளம்பிட்டா.”

என் மாமா இதைச் சொன்னபோது பீலியில் குடம் வைக்க மூன்று பெண்கள் காத்து நின்றார்கள். மடுல்சீமைப் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் ஒரே வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் இருபது வீடுகளுக்கும் அந்த ஒரு பீலிதான்; மலையிலிருந்து இறங்கிவரும் தண்ணீர் அதில்தான் கொட்டும். மாமா தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். அவர் பகிடி சொன்னால் சிரிப்பது வழக்கம். மூன்று பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான். கெம்பஸுக்குப் போய்ப் பட்டத்தோடு திரும்பியவளும் நான்தான். வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சியாளருக்கு மொழிபெயர்ப்பாளராக, வந்த பதினான்கு பேரில் என்னைத்தான் எடுத்தார்கள். குடத்தை நிரப்பிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, ஒரு சொட்டும் சிந்தாமல் வீட்டுக்கு நடந்தேன்.

அந்த ஆராய்ச்சியாளரின் பெயரை எங்கள் லயத்தில் யாரும் சொன்னதில்லை. எத்தனை முறை முயன்றும் அது எங்கள் வாயில் நுழையவில்லை. பிறந்தது தென் அமெரிக்காவில், படிப்பிப்பது ஐரோப்பாவின் வடக்கே. ஆனால் நிறம் எங்கள் நிறம். அதனால் வெள்ளைக்காரிகளைப் போல தொரசாணி என்று கூப்பிடவும் யாருக்கும் மனம் வரவில்லை. இரண்டே வாரத்தில் அவருக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது: பிழை மேடம்.

அதற்குக் காரணம் நான்தான். பதுளை பஸ் நிலையத்தில் முதல்முதலாகச் சந்தித்தபோது, எனக்கு ஒரு தமிழ் வசனம் சொல்லித் தாருங்கள் என்றார். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் வணக்கம் கேட்பார்கள், நன்றி கேட்பார்கள். எல்ல என்ற ஊருக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் ‘எவ்வளவு?’ கேட்பார்கள். இவர் கேட்டது, “நான் நினைத்தது பிழை என்பதை எப்படிச் சொல்வது?” என்று.

“நான் நெனச்சது பிழை” என்றேன்.

பஸ்ஸில் ஏறும்வரை அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஏறியபின், இந்த பஸ்தானே என்று நடத்துநரிடம் சைகையால் கேட்டார். அது மொனராகலைக்குப் போகிற பஸ். “நான் நெனச்சது பிழை!” என்று மகிழ்ச்சியோடு கூவிவிட்டு இறங்கினார். நடத்துநர் என்னைப் பார்த்து, “தங்கச்சி, இவங்க நல்லாத்தான இருக்காங்க?” என்றார்.

நல்லாத்தான் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. நரைத்த முடியை ஒரு பென்சிலைச் செருகிக் கொண்டை போட்டிருப்பார். மண்ணிற அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்று எப்போதும் கையில் இருக்கும். இடது பக்கத்தில் தான் நினைத்ததை எழுதுவார். வலது பக்கம் வெறுமையாக இருக்கும். நினைத்தது பிழை என்று தெரிந்ததும் வலது பக்கத்தில் திகதி போட்டு எழுதுவார். அப்படி எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். புதுச் சட்டை கிடைத்தது போல இருக்கும்.

வெவ்வேறு நாடுகளில் சனங்கள் கூடி உட்கார்ந்து எப்படிப் பேசி முடிவுக்கு வருகிறார்கள், அந்தப் பேச்சை உலகம் முழுவதற்கும் முடிவெடுக்கிற இடங்களுக்குக் கொண்டுபோக முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்காக ஆபிரிக்காவில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார், தன் ஊரில் சந்தைக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் தோட்டத்துக்கு வந்ததும் தலைவர் கூட்டும் கூட்டத்தைத்தான் முதலில் பார்த்தார். பெண்கள் வாயே திறக்கவில்லை. பத்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. ‘பெண்கள் பேசவிடப்படுவதில்லை’ என்று இடது பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அவரைக் கூட்டிப் போனேன். தராசுக்கு முன்னால் வரிசையில் நின்றபடி பெண்கள் கோயில் திருவிழாவை ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். சமையலுக்கு ஆள் பிரித்தார்கள். போன வருசம் ஒலிபெருக்கி பிடித்தவருக்கு இந்த வருசம் இல்லை என்றார்கள். மாமாவின் கூட்டம் இவர்கள் முடிவெடுத்ததற்குத் தலையாட்ட மட்டும்தான்.

“அப்ப தலைவருக்கு இதெல்லாம் தெரியுமா?” என்று என் மூலமாகக் கேட்டார்.

“தெரியாமயா? அவரு பொஞ்சாதியும் இந்த வரிசையிலதான நிக்குது” என்றாள் ஒருத்தி.

“நான் நெனச்சது பிழை” என்றார் இவர். வரிசை முழுக்கச் சிரிப்பு. அன்றைக்குத்தான் அந்தப் பெயர் பிறந்தது.

எனக்கு அவர்மேல் முதலில் அத்தனை மதிப்பு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் யாரும் பிழை என்று ஒப்புக்கொள்வதில்லை. தோட்டத்தை நடத்துகிற தொரை ஒப்புக்கொள்ளமாட்டார், கணக்கப்பிள்ளை ஒப்புக்கொள்ளமாட்டார், மாமா செத்தாலும் மாட்டார். படித்துப் பெரிய இடத்துக்கு வந்தால் பிழை விடத் தேவையில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்காகத்தானே படித்தேன்? இவரோ தோட்ட ஒபீஸ் கிளாக்கரிடம்கூட அந்த வசனத்தைச் சொன்னார். கிளாக்கர் எழுந்து நின்றுவிட்டார். தன்னை ஏதோ சிக்கலில் மாட்டிவிடுகிறார் என்று பயந்துபோனார். எரிச்சலான பழக்கங்களும் அவரிடம் இருந்தன. தூறலில் ஒருத்தியை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார். “இவங்களுக்கு நனையாதா, ஒறைக்காதா?” என்று முனகுவார்கள். அதை நான் மொழிபெயர்க்கமாட்டேன்.

பிறகு அந்தச் சீட்டு விழுந்தது.

பல நாடுகளிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுத்த சாதாரண ஆட்கள், கணினித் திரை வழியாக ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற ஒரு சபையை அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஏற்பாடு செய்திருந்தார்கள். எங்கள் ஊவா மாகாணத்திலிருந்து எட்டுப் பேர் பதுளையில் ஒரு மாடி மண்டபத்தில் மூன்று சனிக்கிழமைகள் உட்கார வேண்டும். மழையும் வெயிலும் முறை மாறிப்போகிற இந்தக் காலத்தில் எல்லா நாடுகளுக்கும் சேர்த்து முடிவெடுப்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது கேள்வி. எங்கள் லயத்துக்கு ஓர் இடம். வளர்ந்தவர்கள் எல்லோருடைய பெயரையும் பிஸ்கட் டின்னில் போட்டு, கோயில் முன்னால் மாமாவை எடுக்கச் சொன்னார். சீட்டைப் பிரித்த மாமா, அதை மறுபடி டின்னுக்குள் போடலாமா என்பது போல என்னைப் பார்த்தார்.

பாக்கியம். என் சித்தி.

சித்தி அப்போது மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். எந்தக் கூட்டத்திலும் பேசாதவர். தராசு வரிசையில்கூட மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பதோடு சரி. அன்று மாலை பீலியடியில் சனம் கூடியது.

“சீட்டு விழுந்தா அனுப்பிர்றதா? இது என்ன லொத்தரா?” என்றார் மாமா. “ஆஸ்பத்திரிக்குத் தொணைக்கு ஆளு அனுப்புறப்ப சீட்டா குலுக்குறோம்? வெவரந் தெரிஞ்சவளத்தான அனுப்புறோம். ராணி போகட்டும்.”

ராணி அக்கா மாதர் சங்கத் தலைவி. தொரை முன்னாலேயே கையை நீட்டிப் பேசுகிறவர். “எனக்கு ஒண்ணுமில்ல. பாக்கியம் என்ன சொல்றா?” என்றார்.

“நான் போயி என்னத்தப் பேசுறது. நீயே போ அக்கா, என் பேர்லயே போ” என்றார் சித்தி.

எங்களுக்கு இது பெரிய விசயமே இல்லை. உடம்புக்கு முடியாதவளின் பையில் பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்கு ஒரு கை கொழுந்து போடுவார்கள். அது அவள் பெயரில்தான் நிறுவையாகும். யாரும் அதைப் பொய் என்று சொல்லமாட்டார்கள். நான் மட்டும் சொல்லியிருக்க வேண்டும். பேசத் தெரிந்தவர்கள் மட்டும் வந்து உட்காரக் கூடாது என்பதற்குத்தான் குலுக்கல் என்று அவர் எனக்குத்தான் விளக்கியிருந்தார். ஆனால் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. உலகம் முழுவதும் பார்க்கிற திரையில் உட்கார்ந்து சித்தி ‘எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க’ என்பார். அதை நான் என் வாயால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கெம்பஸ் புள்ளையின் சித்தி இப்படியா என்று இருக்கும். முதல் சனிக்கிழமை ராணி அக்கா உட்கார்ந்தார். வரவுத்தாளில் ‘பாக்கியம்’ என்று நானே எழுதினேன்; பிழை மேடத்துக்கு எங்கள் பெண்களின் முகங்கள்தான் தெரியும், பெயர்கள் தெரியாது. ராணி அக்கா அருமையாகப் பேசினார்.

அடுத்த புதன்கிழமை பிழை மேடம் லயத்துக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்கு அவர் ஓடிய முதல் கதவு சித்தியுடையது. சித்தி பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன்டி கொடுத்தார். இவருக்கு அதற்குள் நாலைந்து தமிழ் வசனங்கள் வந்திருந்தன.

“ஒங்க பேரு என்ன?”

“பாக்கியம்ங்க.”

கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சித்திக்குப் புரிந்துவிட்டது. “ஓ, அவ ராணி! என் பேர்ல வர்றா. நல்லாப் பேசுறாளாங்க?” என்று ஆர்வமாகக் கேட்டார், ஒளிக்க எதுவும் இல்லாதவராக.

இவர் என் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். காத்திருப்பதில் அவருக்கு இணை இல்லை. தகரத்தில் மழை அடித்தது.

“எங்கள் லயத்தில் இரண்டு பாக்கியம் இருக்கிறார்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. நோட்டைத் திறந்தார். ஒரு பெயருக்கு ஒரு ஆள்தான் என்று இடது பக்கத்தில். அதற்கு நேரே வலது பக்கத்தில் என் பொய். “நான் நெனச்சது பிழை!” என்று சித்தியைப் பார்த்துச் சொன்னார்.

“ஐயோ பாவம், இவங்க எதுக்குப் பிழைங்கிறாங்க?” என்று சித்தி என்னிடம் கேட்டார்.

அது அதோடு நிற்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமை திரையில் இருந்த தன் கூட்டாளிகளிடம் அதை ஒரு கண்டுபிடிப்பாக அறிவித்தார். இந்த மலைகளில் ஒரே பெயரில் பலர் இருக்கிறார்கள், இனி எல்லா நாட்டிலும் படிவத்தில் வீட்டு இலக்கத்தையும் கேட்க வேண்டும் என்றார். அங்கிருந்தவர்கள் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். ராணி அக்கா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினார். “அடியே, ஒம் பொய்யி கப்பலேறிருச்சுடி.”

சபை கலைந்ததும் மாடிப்படியில் அவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னேன். அந்த வலது பக்கத்தில் அவர் எழுதுகிற எழுத்தை அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

சிரிப்பார் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் கறுத்தது.

“இந்த நோட்டில் பதினொரு வருசப் பிழை இருக்கிறது. எல்லாம் என்னுடையவை. இது என்னுடையது இல்லை” என்றார். பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, நோட்டோடு என்னிடம் நீட்டினார். “உங்களுடையதை நீங்களே எழுதுங்கள். தமிழில்.”

அவர் எழுதியிருந்த என் பொய்யைக் கோடு போட்டு அடித்தேன். புதுப் பக்கத்தில், இடது பக்கம், எழுதினேன்: ‘என் சித்திக்குப் பேசத் தெரியாது என்று நினைத்தேன்.’ வலது பக்கத்துக்குப் போனபோது பென்சிலை வாங்கிக்கொண்டார்.

“அது பிழையா என்று உங்களுக்கு இன்னும் தெரியாதே” என்றார். அவ்வளவுதான். முடி கலைந்து கழுத்தில் விழ, படியிறங்கிப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவராகவே லயத்துக்கு வந்தார். பீலியடியில் எல்லோரையும் வைத்து ஏன் ஆள் மாற்றினீர்கள் என்று கேட்டார். மாமா ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். “நீங்கள் என்னை ஏமாற்றினீர்கள் என்று நினைத்து வந்தேன். என் சபைக்கு முன்னால் நீங்கள் ஒரு சபை நடத்தி, ஆளைத் தேர்ந்து அனுப்பியிருக்கிறீர்கள்” என்றார் பிழை மேடம். வழக்கமான வசனத்தையும் தமிழில் சொன்னார். மாமா என்ன செய்வது என்று தெரியாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு பெரிய ஆள் இத்தனை பேர் முன்னால் தன்னிடம் அப்படிச் சொல்வது அவருக்கு அதுவரை நேர்ந்ததில்லை.

பிறகு பிழை மேடம் சித்தியிடம் திரும்பினார். “அந்த நாற்காலி உங்களுடையது. நீங்கள் வராவிட்டால் காலியாக இருக்கும். வந்தால் பேசத்தான் வேண்டும் என்றில்லை. வருகிறீர்களா?”

சித்தி குடத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ராணி பக்கத்துல இருந்தா வாறேன்” என்றார் சித்தி.

கடைசிச் சனிக்கிழமை ஒரு திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டோம். சித்தி கோயிலுக்கு உடுத்துகிற நீலச் சேலையில் வந்திருந்தார். ராணி அக்கா முதலில் பேசினார்: எல்லா நாடும் ஒன்று சேர வேண்டும், ஏழைகளைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். நல்ல பேச்சு. சபையை நடத்தியவர் அடுத்த நாட்டுக்குப் போகப் பார்த்தார். அப்போது சித்தி ராணி அக்காவின் முழங்கையைத் தொட்டார்.

“ஒண்ணு சொல்லவா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

“மழ கூடுனா மண்ணு சரியும், எறங்கிப் போங்கன்னு வந்து சொல்றாங்க. சரி, போறோம். பள்ளிக்கூடத்துல படுக்கிறோம். எப்பத் திரும்பி வரலாம்னு யாரும் வந்து சொல்றதில்லீங்க. போகச் சொல்றதுக்கு ஆளு இருக்கு, வரச் சொல்றதுக்கு ஆளு இல்ல. முடிவு எடுக்கிறவங்க அதையும் சேத்து எடுக்கணும்.”

அப்படியே சொன்னேன். எதையும் கூட்டவில்லை, மெருகேற்றவில்லை. திரையில் ஒரு சதுரத்தில், தீவு நாடு ஒன்றிலிருந்து பேசிய ஒரு பெண் தன் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்: அப்படியானால் நீங்கள் எப்படித் திரும்பினீர்கள்?

“மாடு கத்துச்சு, வந்துட்டோம்” என்றார் சித்தி.

அந்தப் பெண் அதைத் தன் மொழியில் கேட்டதும் முதலில் சிரித்தார், பிறகு கையால் வாயை மூடிக்கொண்டார். எங்கள் ஊரிலும் இதேதான், எங்களுக்கு மாடு இல்லை, படகு என்றார். அதன்பிறகு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நானும் அவருடைய மொழிபெயர்ப்பாளரும் மூச்சு வாங்க ஓடினோம். அன்று சபை எழுதி முடித்த அறிக்கையில் ஒரு வரி, வெளியேறச் சொல்கிறவர்களே திரும்பும் காலத்துக்கும் பொறுப்பு என்று இருக்கிறது. அது சித்தியின் வரி. ராணி அக்கா ஊர் முழுக்க அதைச் சொல்லித் திரிந்தார், தானே பேசியது போல.

பிழை மேடம் மேசையின் மேல் அந்த நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். வலது பக்கத்தில் திகதி போட்டேன். எனக்கு வெட்கமாக இல்லை. அவருக்கு ஏன் அந்த முகம் வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் சித்தியைப் பற்றி நான் நினைத்தது பிழை என்பதைவிட நல்ல செய்தி அந்த வருசம் எனக்கு வேறு என்ன வந்திருக்க முடியும்?

பிழை மேடம் போய் இரண்டு வருசமாகிறது. புறப்படும்போது அழவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. பஸ் ஜன்னலிலிருந்து சித்தியைப் பார்த்து, “ஒங்க பேரு என்ன?” என்று கத்தினார். சித்தி, “பாக்கியம்! நான் ஒருத்திதான்!” என்று திருப்பிக் கத்தினார். லயத்தில் அந்த வசனம் இன்னும் இருக்கிறது. உப்பு கூடிப்போனால், பந்து ஜன்னலில் பட்டால், “நான் நெனச்சது பிழை” என்று இழுத்துச் சொல்கிறார்கள். மாமா மட்டும் சொல்வதில்லை.

இந்த வருசம் பீலியில் தண்ணீர் குறைந்துவிட்டது. குடம் வைக்கிற வரிசையில் தினம் சண்டை. பீலியை யார் ஆளுவது என்ற மாமாவின் கேள்வி உண்மையாகவே வந்து நின்றது. அதனால் போன ஞாயிறு, இருபது வீட்டுப் பெயர்களையும் அதே பிஸ்கட் டின்னில் போட்டு, தண்ணீர் முறையைப் பேசி முடிவெடுக்க ஐந்து பேருக்குப் பீலியடியில் வைத்துச் சீட்டு எடுத்தோம். எடுத்தவர் சித்தி. முதல் சீட்டைப் பிரித்து அவரால் வாசிக்க முடியாமல் என்னிடம் தந்தார். வாசித்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“எனக்கு சங்கத்துல ஆயிரம் வேல கெடக்கு” என்றார் மாமா. “என் பேர்ல மகன் வருவான், போட்டுக்க.”

“இல்ல மாமா. ஒங்களுக்கு எந்த நாளு தோதுன்னு சொல்லுங்க, அன்னைக்கே வைக்கிறேன்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பெரிய தொரசாணி” என்றார். நாலடி போய்த் திரும்பினார். “வியாழன் நாலு மணி. அஞ்சுக்கு நான் போயிருவேன்.”

வியாழன் நான்கு மணி என்று எழுதிப் பீலிச் சுவரில் ஒட்டியாயிற்று. பதுளையில் ஒரு நோட்டும் வாங்கி வந்துவிட்டேன், மண்ணிற அட்டை கிடைக்கவில்லை, பச்சைதான் கிடைத்தது. முதல் தாளில், இடது பக்கத்தில், ஒரு வரி எழுதியிருக்கிறேன்: ‘மாமா வரமாட்டார்.’